வெள்ளி ராத்திரி யூதர் வீட்டில் சாப்பாட்டுக்கு அழைப்பு: சப்பாத் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஆய்வகஎலி:

எல்லாருக்கும் வணக்கம். இஸ்ரேலில் ரெஹோவோத்தில் ஆராய்ச்சி வேலையில் இருக்கிறேன், வந்து அதிக காலம் ஆகவில்லை. பக்கத்து மேசைக்காரர் தலையில் கிப்பா என்கிற சின்னத் தொப்பி வைக்கிற, யூதர்களின் வாராந்திர ஓய்வு நாளான சப்பாத்தை முழுசாகக் கடைப்பிடிக்கிற ஆள். வருகிற வெள்ளி ராத்திரி வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறார். மனைவி, பிள்ளைகள், அவருடைய அப்பா அம்மா எல்லாரும் இருப்பார்களாம். போகத்தான் போகிறேன். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று யாராவது சொன்னால் நல்லது, ஆனால் என் கேள்வி அது மட்டும் இல்லை.

இந்த மனிதர் வியாழக்கிழமை மத்தியானம் ஆனாலே வேறு ஆளாகிவிடுகிறார். போனில் மனைவியோடு சாமான் பட்டியல், யார் வருகிறார்கள், யார் எங்கே தூங்குவது, அடுப்பில் எது எப்போது. வெள்ளிக்கிழமை இங்கே விடுமுறைதான், ஆனால் காலையில் சந்தைப் பக்கம் போனால் நாளைக்கு வெள்ளம் வரப்போகிறது என்று சேதி வந்த ஊர் மாதிரி வாங்கிக் குவிக்கிறார்கள். ஓய்வு நாள் என்கிறார்கள், அதற்கு முந்தின நாள் இப்படி நாக்குத் தள்ள ஓடினால் அது என்ன ஓய்வு? அப்புறம், அவருக்கு நல்ல வீடு ஒன்று குறைந்த வாடகையில் வந்தது. ஜெப ஆலயத்துக்கு நடக்கிற தூரத்தில் இல்லை என்று விட்டுவிட்டார். வீட்டிலேயே ஜெபம் பண்ணிக்கொள்ளக் கூடாதா? அவரிடமே கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

எருசலேம்_பழையவன்:

எருசலேமில் பல வருடம் இருந்தவன், யூதன் இல்லை. பார்த்ததையும் படித்ததையும் சொல்கிறேன்.

ஓட்டத்துக்குக் காரணம் நேரம். சப்பாத் வெள்ளி சூரிய அஸ்தமனத்தில் ஆரம்பித்து சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை, சுமார் 25 மணி நேரம். விளக்கு ஏற்றுவது அதற்கும் முன்னால், பெரும்பாலான ஊர்களில் அஸ்தமனத்துக்கு 18 நிமிடம் முன்பு, எருசலேமில் 40 நிமிடம் முன்பு. எருசலேமில் அந்த நேரத்துக்குச் சங்கு ஊதும், ஊர் முழுக்கக் கேட்கும். அதற்குப் பிறகு அடுப்புப் பற்றவைக்க முடியாது, சமைக்க முடியாது, வண்டி எடுக்க முடியாது, காசு கையில் தொடமுடியாது. குளிர்காலத்தில் இதெல்லாம் மாலை நாலு மணிக்கே வந்துவிடும். சூரியனிடம் அரை மணி நேரம் கூடக் கேட்டு வாங்க முடியாது இல்லையா, அதனால்தான் அந்த ஓட்டம்.

விலக்கப்பட்ட வேலைகள் 39 என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா பட்டியல் போடுகிறது. உழுவது, விதைப்பது, அறுப்பது, மாவு பிசைவது, சுடுவது, நெய்வது, முடிச்சுப் போடுவது, இரண்டு எழுத்து எழுதுவது, தீ மூட்டுவது, அணைப்பது, வீட்டிலிருந்து தெருவுக்குப் பொருளைச் சுமப்பது என்று போகும். வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரம், அதாவது இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரம், கட்டத் தேவைப்பட்ட வேலைகளோடு இதை ரபிகள் என்கிற யூத மத அறிஞர்கள் இணைக்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது, உடம்பு நோகிறதா இல்லையா என்பது அளவுகோல் இல்லை. வீட்டுக்குள்ளேயே கனமான மேசையை இழுத்துப் போடலாம், ஆனால் ஒரு தீக்குச்சியைக் கிழிக்கக்கூடாது. பொருளை மாற்றுவது, உருவாக்குவது, அது நிற்க வேண்டும். நாம் நினைக்கிற, சோபாவில் சாய்ந்து கிடக்கிற ஓய்வு வேறு, இது வேறு.

வேதாகமத்திலேயே பத்துக் கட்டளை இரண்டு இடத்தில் வருகிறது, இரண்டிலும் சப்பாத்துக்குச் சொல்லும் காரணம் வேறு வேறு. யாத்திராகமம் 20இல், ஆறு நாளில் உலகைப் படைத்துக் கடவுள் ஏழாம் நாள் ஓய்ந்தார் என்று. உபாகமம் 5இல், நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதனால் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும் என்று. மாடு, கழுதை, ஊரில் தங்கியிருக்கிற அந்நியன் எல்லாரும் அதில் வருவார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். அடிமைக்கு வேலையை நிறுத்தும் உரிமை கிடையாது, நிறுத்த முடிகிறவன்தான் விடுதலையானவன் என்று அந்த வசனத்தைப் படிக்கலாம்.

சரி, அந்த ஓட்டமே சப்பாத்துக்கு வெளியே இருக்கிறதா என்பது உங்கள் கேள்வி. இல்லை என்றுதான் மிஷ்னாவை விரித்துப் பேசுகிற தல்மூத் நினைக்கிறது. பெரிய பெரிய பண்டிதர்கள் வெள்ளிக்கிழமை என்ன செய்தார்கள் என்று அதில் ஓர் இடம் இருக்கிறது. ராவா மீனுக்கு உப்புப் போட்டாராம், ராவ் ஹிஸ்தா கீரை நறுக்கினாராம், ரப்பாவும் ராவ் யோசேஃபும் விறகு பிளந்தார்களாம், ரபி ஸேரா அடுப்பு மூட்டினாராம். வீட்டில் ஆள் இல்லாமல் இல்லை. இந்த வேலையை அடுத்தவர் கையில் விடக்கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். உங்கள் மேசைக்காரர் போனில் பட்டியல் போடுவதும் அந்த வரிசையில்தான் வரும்.

நர்ஸக்கா:

தம்பி, நான் இங்கே வயதான ஒரு அம்மாவைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறேன். பக்தியான வீடு. மேலே சொன்னவர் படிப்பாளி, நான் அடுப்படியிலிருந்து சொல்கிறேன்.

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு வெள்ளிக்கிழமையே அடுப்பில் ஏறிவிடும். பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, இறைச்சி எல்லாம் ஒரே பானையில், ராத்திரி முழுக்க மெல்லிய சூட்டில். ஹமின் என்பார்கள், ஐரோப்பாவிலிருந்து வந்த குடும்பங்கள் சோலண்ட் என்பார்கள். சூடாக வைக்கிற தட்டு மாதிரி மின்சாரப் பலகை ஒன்று இருக்கும், பிளாட்டா என்று பெயர், அதையும் வெந்நீர்ப் பாத்திரத்தையும் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். விளக்குகளுக்கு நேரம் வைக்கிற கடிகாரம். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் எரிகிற குட்டி விளக்கைக் கழற்றிவைக்க வேண்டும். கழிவறைக் காகிதம்கூட முன்னாடியே கிழித்து அடுக்கியிருக்கும், ஏனென்றால் கிழிப்பதும் வேலைதான். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வந்தது, இப்போது நானே வெள்ளி மத்தியானம் யாரும் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறேன்.

கடைசி ஒரு மணி நேரம் போன்தான். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், வேறு ஊரில் இருக்கிற தங்கை, பழைய அக்கம்பக்கத்தார், எல்லாரும் வரிசையாகக் கூப்பிட்டு சப்பாத் ஷாலோம் சொல்வார்கள். அந்த அம்மாவுக்கு ஞாபகம் தப்புகிற நாட்கள் உண்டு, ஆனால் வெள்ளிக்கிழமை யார் கூப்பிடவில்லை என்பதை மட்டும் மறக்கமாட்டார். அப்புறம் விளக்கு ஏற்றி, கைகளால் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுப்பார், சட்டென்று முடிக்கவே மாட்டார்.

ஒன்று கேட்பீர்கள், யூதரல்லாத நான் இருக்கும்போது என்னையே லைட்டைப் போடச் சொல்லிவிடலாமே என்று. அப்படி வசதிக்காக ஆளை ஏவுவதும் கூடாது என்றுதான் அவர்கள் சட்டம். நோயாளியின் தேவைக்கு மட்டும் சொல்லலாம். உயிருக்கு ஆபத்து என்றால் அதுகூட வேண்டாம், அவர்களே போன் எடுத்து, அவர்களே வண்டி ஓட்டி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தயங்கினால்தான் தப்பு. உயிர்தான் முதலில், அதில் பக்தியான வீடு, பக்தியில்லாத வீடு என்ற பேதமே கிடையாது.

லண்டன்_வடமேற்கு:

வீடு விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். லண்டனில் கோல்டர்ஸ் கிரீன் பக்கம் குடியிருக்கிறேன், என் தெருவில் பாதிக்கு மேல் யூதக் குடும்பங்கள்.

சப்பாத்தில் வண்டி கிடையாது என்றால் ஜெப ஆலயம் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவு எளிய கணக்கு. அது மெல்ல மெல்ல ஒரு முழு ஊரையே உருவாக்குகிறது. ஆலயத்துக்கு அருகில் வீடுகள், வீடுகளுக்கு அருகில் கோஷர், அதாவது யூத உணவு விதிப்படியான, இறைச்சிக் கடை, ரொட்டிக் கடை, பள்ளிக்கூடம், சடங்குக் குளியலிடம். கார் வந்த பிறகு மற்றவர்கள் எல்லாரும் சிதறிப் போய்விட்டோம், இவர்கள் சனிக்கிழமைக்காகச் சேர்ந்தே இருக்கிறார்கள்.

வீட்டிலேயே ஜெபம் பண்ணலாம், தடையில்லை. ஆனால் சில ஜெபங்களுக்குப் பத்துப் பேர் வேண்டும், மின்யான் என்பது அது. பழைய முறையைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிற ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பதிமூன்று வயது கடந்த ஆண்கள் மட்டும் கணக்கு, வேறு பல சபைகளில் பெண்களும் கணக்கில் உண்டு. அப்பாவோ அம்மாவோ இறந்துபோனால் பிள்ளை பதினொரு மாதம் சொல்கிற கடீஷ் ஜெபத்தைத் தனியாகச் சொல்ல முடியாது, பத்துப் பேர் இருந்தே ஆக வேண்டும். சின்ன ஆலயங்களில் ஒன்பது பேரை வைத்துக்கொண்டு பத்தாவது ஆளுக்காக வாசலில் நிற்பார்கள். அந்தப் பத்தாவது ஆளுக்குப் பக்தி எவ்வளவு, கடவுளை நம்புகிறாரா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை, வந்து நின்றால் போதும். எனக்கு இதில் ரொம்ப மரியாதை உண்டு.

எருவ் என்று ஒன்று இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். வீட்டிலிருந்து தெருவுக்குச் சுமக்கக்கூடாது என்றார் இல்லையா மேலே, அதில் குழந்தை வண்டியும் சக்கர நாற்காலியும்கூடச் சேர்த்தி. கைக்குழந்தை வைத்திருக்கிற தாய் சனிக்கிழமை முழுக்க வீட்டுக்குள்ளேயே. இதற்கு வழி, ஏற்கெனவே இருக்கிற சுவர், வேலி இவற்றோடு கம்பமும் கம்பியும் சேர்த்து ஒரு பகுதியையே அடைத்து அதைப் பொதுவான ஒரே வளாகமாகக் கருதுவது. எங்கள் பகுதியில் 2003இல் நடைமுறைக்கு வந்தது, அதற்குமுன் வருடக்கணக்காகச் சண்டை. கம்பம் அசிங்கம் என்று சொன்னவர்கள் ஒருபக்கம், யூதர்களிலேயே வேண்டாம் என்றவர்கள் இன்னொரு பக்கம். வாராவாரம் சப்பாத்துக்கு முன் ஆள் போய்க் கம்பியைச் சுற்றிப் பார்க்க வேண்டும், காற்றில் அறுந்திருந்தால் அந்த வாரம் எருவ் இல்லை என்று எல்லாருக்கும் சேதி போகும்.

இன்னொன்று சொல்லியாக வேண்டும். வெள்ளி மாலை ஜெபத்தில், 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் ஊரில் எழுதின ஒரு பாட்டு, சப்பாத்தை மணப்பெண்ணாக வரவேற்கிற பாட்டு, பாடுவார்கள். கடைசி அடிக்கு எல்லாரும் வாசல் பக்கம் திரும்பி நிற்பார்கள். அந்த வாரம் வீட்டில் சாவு நேர்ந்தவர் யாராவது இருந்தால், பல ஆலயங்களில் அவர் அதுவரை வெளியே நின்று, பாட்டு முடிந்த பிறகு உள்ளே வருவார். எல்லாரும் அவரைப் பார்த்து ஆறுதல் வார்த்தை சொல்வார்கள். துக்கம் காக்கிற ஏழு நாளுக்குள் சப்பாத் வந்தால் அன்று வெளிப்படையான துக்கம் நிறுத்திவைக்கப்படும், ஆனால் ஆளை யாரும் கவனிக்காமல் விடுவதில்லை. ஆலயத்துக்கும் போய்ப் பார்க்க ஆசையென்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். 2018 அக்டோபர் 27, ஒரு சனிக்கிழமைக் காலை, அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் ஜெபத்துக்கு வந்த 11 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். இங்கேயும் வாசலில் காவல் உண்டு, தெரியாத முகத்தைக் கேள்வி கேட்பார்கள், கோபப்படாதீர்கள்.

சும்மா_சொல்றேன்:

கொஞ்சம் அடக்கி வாசியுங்கள் எல்லாரும். இஸ்ரேலில் இருக்கிற யூதர்களில் பாதிப்பேருக்கு சனிக்கிழமை என்றால் கடற்கரை. பெரும்பாலான ஊர்களில் சனிக்கிழமை பஸ் இல்லாததால் கார் வாங்க வக்கில்லாதவன்தான் மாட்டிக்கொள்கிறான். ஹைஃபாவில் கொஞ்சம் பஸ் எப்போதும் ஓடுகிறது, டெல் அவிவ் நகராட்சி 2019இல்தான் வாரக்கடைசிக்கு இலவச பஸ் விட்டது, அதற்கே அவ்வளவு கூச்சல். 1990களில் எருசலேமில் பார்-இலான் தெருவில் சப்பாத் அன்று வண்டி ஓடலாமா கூடாதா என்று அடிதடி. அப்புறம் அந்த மீனுக்கு உப்புப் போட்ட பண்டிதர் கதை அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நிஜத்தில் வியாழன் ராத்திரி அடுப்படியில் நிற்பது யார்? பெரும்பாலும் பெண்கள்தானே?

எருசலேம்_பழையவன்:

பஸ் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. தனிமனிதன் தன் வீட்டில் கடைப்பிடிப்பது வேறு, அரசாங்கம் எல்லாருக்கும் சேர்த்து நிறுத்துவது வேறு, இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும். ஆனால் கடற்கரைக்காரர்களைப் பற்றி ஒரு திருத்தம். சனிக்கிழமை கடற்கரைக்குப் போகிறவர்களில் ஏகப்பட்ட பேர் வெள்ளி ராத்திரி அம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள். மதநம்பிக்கையே வேண்டாம் என்று தொடங்கின கிப்புட்ஸ் என்கிற கூட்டுக் குடியிருப்புகளில்கூட வெள்ளி மாலை பொதுச் சாப்பாட்டுக்கூடத்தில் வெள்ளை விரிப்புப் போட்டுச் சேர்ந்து உட்கார்ந்தார்கள். சட்டத்தை விட்டார்கள், மேசையை விடவில்லை.

பெண்கள் விஷயம் நியாயமான கேள்வி. பல வீடுகளில் சுமை அவர்கள் தலையில்தான், அதை மறைக்க முடியாது. பழைய நூலிலேயே இதன் உரசல் தெரிகிறது. வெள்ளி இருட்டும் நேரம் வீட்டுக்காரன் மூன்று விஷயம் சொல்ல வேண்டும் என்கிறது மிஷ்னா. தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) எடுத்தீர்களா, எருவ் வைத்தீர்களா, விளக்கை ஏற்றுங்கள். உடனே தல்மூத், இதை மெதுவாக, நயமாகச் சொல்ல வேண்டும் என்று சேர்க்கிறது. ஏன் சேர்க்க வேண்டும்? அந்த நேரத்தில் வீட்டில் கத்தல் இருந்திருக்கிறது, அதனால்தான். விளக்கேற்றுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இன்றைக்கும் அதே கத்தல்தான், குளியலறையில் ஒரு பிள்ளை, காலணி தேடுகிற ஒரு பிள்ளை, யார் பிளாட்டாவைப் போட்டது என்று ஒரு குரல்.

வெள்ளி ராத்திரி பற்றி ஒரு கதை உண்டு. ஆலயத்திலிருந்து வீட்டுக்கு வருகிறவனோடு இரண்டு தேவதூதர்கள் வருவார்களாம், ஒன்று நல்லது, ஒன்று கெட்டது. விளக்கு எரிந்து, மேசை விரித்து, படுக்கை தட்டிப் போட்டிருந்தால் நல்ல தூதன் அடுத்த வாரமும் இப்படியே இருக்கட்டும் என்பான், கெட்டவன் மனசில்லாமல் ஆமென் சொல்வான். வீடு அலங்கோலமாகக் கிடந்தால் கெட்டவன் அதையே சொல்வான், நல்லவன் வேண்டாவெறுப்பாக ஆமென் சொல்வான். வாராவாரம் அதேதான் திரும்ப வருகிறது, நல்லதும் அப்படித்தான், கெட்டதும் அப்படித்தான். மேசையில் உட்காரும்போது அந்தத் தூதர்களுக்கு வரவேற்புப் பாடுவார்கள், கேட்பீர்கள்.

கடலோரக்கிளி:

எல்லாரும் லண்டன், எருசலேம் என்கிறீர்கள். கொங்கண் கரையில் பெனே இஸ்ரேல் யூதர்கள் எண்ணெய் ஆட்டுகிற தொழில் செய்தார்கள், சனிக்கிழமை செக்கு ஓட்டமாட்டார்கள் என்பதால் ஊர்க்காரர்கள் அவர்களை சனிவார் தேலி என்று கூப்பிட்டார்கள். சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள். பல விஷயங்கள் கைவிட்டுப் போன பிறகும் அந்த ஒரு நாள் அவர்களிடம் இருந்திருக்கிறது. கொச்சியில் 1568இல் கட்டின பரதேசி ஜெப ஆலயம் இன்னும் நிற்கிறது, ஆனால் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். கட்டடம் இருக்கிறது, பத்துப் பேர்தான் கஷ்டம்.

ஆய்வகஎலி:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. நர்ஸக்கா, உங்களிடம் மூன்று கேள்வி. நான் சைவம், அதைச் சொன்னால் சங்கடமா? சாப்பாட்டுக்கு நடுவில் அவர்களுடைய வேதமான தோராவில் அந்த வாரத்துப் பகுதியைப் பற்றிப் பேசுவார்களாமே, நானும் ஏதாவது சொல்ல வேண்டுமா? ராத்திரி எப்படித் திரும்புவது, பஸ் கிடையாதே?

நர்ஸக்கா:

சைவம் என்பதை இன்றைக்கே சொல்லிவிடு தம்பி, அங்கே போய்ச் சொன்னால் புதிதாக எதையும் அடுப்பில் வைக்க முடியாது. ரொட்டி, விதவிதமான சாலட், கத்தரிக்காய், ஹும்முஸ் என்று மேசையில் நிறையவே இருக்கும், பட்டினி கிடக்கமாட்டாய். நீ சமைத்த எதையும் எடுத்துப் போகாதே, கோஷர் சமையலறைக்குள் அது போக முடியாது. பால் இனிப்பும் வேண்டாம், இறைச்சிச் சாப்பாட்டோடு பால் சேரக்கூடாது. கோஷர் முத்திரை உள்ள சீல் உடைக்காத பெட்டி, இல்லையென்றால் பூ. எதுவானாலும் வியாழக்கிழமையே ஆய்வகத்தில் கொடுத்துவிடு. சப்பாத் ஆரம்பித்த பிறகு பூவைக் கொண்டுபோனால் அதைத் தண்ணீரில் வைக்கலாமா என்று அந்த அம்மா யோசிக்க வேண்டியிருக்கும். ஒயின் பாட்டிலை நீயாக எடுத்து ஊற்றாதே, அதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது, அவர்களே ஊற்றித் தருவார்கள்.

காலிங் பெல்லை அழுத்தாதே, கதவைத் தட்டு. போனை அணைத்துப் பையில் போடு, படம் எடுக்காதே. கழிவறை விளக்கு எரிந்தால் எரியட்டும், பழக்கதோஷத்தில் கை போய்விடும், ஜாக்கிரதை. பெண்களுக்குக் கை கொடுக்கப் போகாதே, அவர்கள் கொடுத்தால் மட்டும் கொடு. அப்பாவும் அம்மாவும் பிள்ளைகள் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார்கள், பையன்களுக்கு எப்பிராயீம் மனாசே போல, பெண்களுக்குச் சாராள் ரெபெக்காள் ராகேல் லேயாள் போல என்று. பிறகு ஒயின் கோப்பை, பிறகு எல்லாரும் எழுந்து போய் இரண்டு கைப்பிடி உள்ள குவளையில் கைகழுவுவார்கள். கழுவினதிலிருந்து ரொட்டித்துண்டு வாய்க்குள் போகும்வரை யாரும் பேசமாட்டார்கள், நீ ஏதாவது கேட்டால் சைகைதான் வரும். ரொட்டி இரண்டு இருக்கும், துணி போட்டு மூடியிருக்கும். வனாந்தரத்தில் மன்னா என்ற வானத்து உணவு வெள்ளிக்கிழமை மட்டும் இரட்டிப்பாக விழுந்ததன் நினைவு.

தோரா விஷயம், அது வருடம் முழுக்க 54 பகுதியாகப் பிரித்து வாசிக்கிறது, எல்லா ஊரிலும் அநேகமாக ஒரே வாரம் ஒரே பகுதி. மேசையில் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் படித்ததைப் பிள்ளைகள்தான் சொல்வார்கள். நீ பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஆனால் கேள்வி கேட்டால் அவர்களுக்குக் கொண்டாட்டம். இங்கே எழுதின இரண்டு கேள்வியையும் அப்படியே அங்கே கேள், அந்தத் தாத்தா விடிய விடியப் பேசுவார். முடிவில் நீண்ட நன்றி ஜெபம் பாட்டாக வரும், எழுந்துவிடாதே.

திரும்புவதற்கு, ரெஹோவோத்துக்குள்தானே இருக்கிறாய், நடந்து போ. டாக்சிதான் வேண்டுமென்றால் அவர் வீட்டு வாசலுக்கு வரவழைக்காதே, இரண்டு தெரு தள்ளிப் போய்க் கூப்பிடு. குடையை எடுத்துப் போகாதே, மழையென்றால் தொப்பி வைத்த கோட்டுப் போட்டுக்கொள். சப்பாத்தில் அவர்கள் குடை விரிக்கமாட்டார்கள், நீ ஒருவன் மட்டும் விரித்துக்கொண்டு நிற்பாய்.